கதிரமலைக்கு ஒரு நாள்

யாழ்ப்பாணத்தானுக்கு மலை தெரியாது. கீரிமலை என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறான்; போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான் இருக்கும், மலை மருந்துக்கும் இல்லை. பெய்த மழை எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் தேங்கி நிற்கிற தட்டையான பூமி அது. அந்தப் பூமியில் பிறந்து வளர்ந்து, சண்டிலிப்பாயிலேயே வாழ்க்கைப்பட்டு, ஆனையிறவுக்கு அப்பால் ஒருநாளும் போயிராத குணலட்சுமி, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில், வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்த இடத்தில் நிமிர்ந்து, தான் கதிர்காமத்துக் கதிரமலை ஏறப்போவதாகச் சொன்னாள்.

"நேர்த்தி வைச்சனான். பலிச்சிட்டுது. இனி ஏறத்தானே வேணும்," என்றாள்.

எதிரே குந்தியிருந்த புருசன் அருளம்பலத்தின் கை அப்படியே நின்றது.

அவள் கேட்டதில் பிழை இல்லை. தை மாதத்தில் சண்டை நின்றிருந்தது. இந்த முறையாவது பாதை திறக்கும், சோப்பும் மண்ணெண்ணெயும் வரும், போன பிள்ளைகள் வருவார்கள் என்று ஊர் முழுக்க ஒரே கதை. அந்தக் கதைகளோடு இன்னொன்றும் அடிபட்டது. தொண்டைமானாற்றுச் சந்நிதியிலிருந்து வேல் எடுத்துக்கொண்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகக் கதிர்காமம்வரை நடந்துபோகிற பாதயாத்திரை, சண்டையால் நின்றுபோனது, இந்த வைகாசியில் மறுபடி புறப்படப்போகிறதாம். அருளம்பலம் கலியாணத்துக்கு முன் ஒருமுறை அந்த வழி நடந்தவர். ஆகவே துணைக்கு ஆளும் வீட்டிலேயே இருந்தது.

நேர்த்தி என்னவென்று ஊருக்கே தெரியும். ஒரே மகன் கேதீசன் வெளிநாடு போகவென்று கிளாலியில் வள்ளம் ஏறிய அன்று, "பிள்ளை சுகமாய்ப் போய்ச் சேந்தால் கதிரமலை உச்சியிலை கற்பூரம் கொளுத்துறன்" என்று அவள் முருகனுக்குச் சொல்லிவைத்திருந்தாள். பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான். ஜெர்மனியில் ஓர் அகதிக் காம்பில் இருக்கிறான். கடிதம் போட ஏலாதாம். இதுவும் ஊருக்குத் தெரியும், ஏனென்றால் அருளம்பலமே சொன்னார்.

கேதீசன் போய்ச் சேரவில்லை. அது சண்டிலிப்பாயில் அருளம்பலம் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன கார்த்திகையில் அவர் கொடிகாமத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போயிருந்தார். அங்கே தேங்காய் வியாபாரம் செய்கிற தியாகராசாவின் மகனும் கேதீசனும் வெளிநாட்டுக்கு ஆளனுப்புகிற ஒரே ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டி, ஒன்றாகப் புறப்பட்டவர்கள். கொழும்பிலிருந்து யாராவது வந்தால் தியாகராசாவுக்குச் செய்தி வரும். இவர் மாதத்துக்கு ஒருதரம் போய் விசாரித்து வருவார். அன்று இவரைக் கண்டதும் தியாகராசா கடையை விட்டு இறங்கி, கையைப் பிடித்துச் சந்தைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கை பிடித்த விதத்திலேயே அருளம்பலத்துக்கு விளங்கிவிட்டது.

எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்று தியாகராசாவுக்கும் சரியாகத் தெரியவில்லை. எல்லையில் ஒரு மலையாம். கார் போகாதாம். ஏஜென்சிக்காரன் இவர்களை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறான். பனி கொட்டியிருக்கிறது. பாதிவழியில் கேதீசன், "நீ நட மச்சான், நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்று ஒரு மரத்தடியில் குந்தியிருந்தானாம். மற்றவன் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து பார்க்க, இருந்தது இருந்தபடி.

"அங்கையே அடக்கம் பண்ணிப்போட்டாங்களாம் அண்ணை," என்றார் தியாகராசா. அதைச் சொல்லும்போது அவர் அருளம்பலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்ற வெட்கம் அவருக்கு.

வழி நெடுக மழை. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டுதான் அருளம்பலம் வந்தார். வேலிப் படலையில் குணலட்சுமி நின்றாள். "என்னவாம்?" என்றாள். எண்பத்தேழில் நடந்த சண்டையில் அவளுடைய தம்பி செல் விழுந்து செத்தபோது, சாப்பாடும் பேச்சும் இல்லாமல் மாதக்கணக்கில் பாயோடு கிடந்தவள் அவள். கஞ்சி பருக்கியே அவளை மீட்டெடுத்தவர் இவர். இப்போது பிறசரும் இருந்தது. குளிசை கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் அடுக்கிவைத்ததெல்லாம் சரிந்துபோக, வாய் தன்பாட்டில், "போய்ச் சேந்திட்டானாம்" என்றது.

அவள் சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் விழுந்தாள். அவர் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றினார்.

பொய் சொல்லுகிறவன் முழுதாகச் சொல்ல வேண்டும். அருளம்பலத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மனைவிக்குப் பொய் சொல்லத் துணிந்தவர், சாவுத் துடக்கோடு கோயிலுக்குப் போகத் துணியவில்லை. முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. முதுகுப் பிடிப்பு என்றார். கார்த்திகை விளக்கீட்டுக்கு எண்ணெய் இல்லை என்றார். தைப்பொங்கலன்று, சமாதானம் வந்த சந்தோசத்தில் அயலெல்லாம் முற்றத்தில் பானை வைக்க, இவர் வீட்டு முற்றம் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு என்ன சாட்டுச் சொன்னார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டால் சோறு போதாமல்தான் போகும்.

இப்போது மலை வந்து நிற்கிறது. ஊர்க்கோயிலுக்குத் துடக்கு முப்பத்தொரு நாள்தான்; மலைக்கோயிலுக்கோ ஒரு வருசம், செத்த வீட்டுக்காரர் ஆட்டைத் திவசம் முடியும்வரை ஏறக்கூடாது. இது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். தன் பொய்யால் பலித்த நேர்த்தியை நிறைவேற்ற, தன் பெண்சாதி, செத்த மகனின் துடக்கோடு முருகன் மலையில் கால் வைக்கப்போகிறாள். தடுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் மிஞ்சுவாளோ தெரியாது.

அவர் தெரிந்த முறையிலெல்லாம் தட்டிக்கழித்துப் பார்த்தார். "சந்நிதியிலை கொளுத்தினால் முருகன் வேண்டாமெண்டோ சொல்லுவான்?" என்றார். "மலை எண்டு சொன்னனான், மலைதான்," என்றாள் அவள். "உன்ரை பிறசரோடை?" என்றார். அவள் அன்று பின்னேரமே ஏறப் பழகத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த வளவு பராசக்தியுடையது மேல்வீடு. செல் பட்டு மேலே கூரை போய்விட்டது. படி மட்டும் மிஞ்சியிருந்தது. குணலட்சுமி இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு அந்தப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக நின்றாள். மேலே போய் ஆகாயத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, பிறகு இறக்கம். வேலிக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பராசக்தி கீழே நின்று, "குணம், கதிர்காமம் தெரியுதோ?" என்று கேட்பாள். "இன்னும் இல்லை அக்கா, கொக்குவில் தெரியுது," என்பாள் இவள். மகன் வெளிநாடு போன தாய்க்கு வந்த பவிசு என்று ஊர் நினைத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த அருளம்பலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்.

கடைசியில் அவர் கோயிலடிக்குப் போனார். உள்ளே போகவில்லை. ஐயர் வெளியே வரும்வரை தெருவில் நின்று, யாரோ ஒருவருடைய கதைபோலக் கேட்டார்.

"ஐயா, தூரத்திலை ஒரு சாவு. வீட்டிலை ஒராளுக்குத் தெரியும், மற்ற ஆளுக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்குத் துடக்கிருக்கோ?"

"காதிலை விழுந்தால்தானே துடக்கு. விழாத ஆளுக்கு என்னெண்டு துடக்கு?" என்றார் ஐயர்.

"மலை ஏறலாமோ?"

"தெரியாத ஆள் ஏறலாம். தெரிஞ்ச ஆள் ஏறக்கூடாது." ஐயர் அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அருளம்பலத்துக்குப் பெரிய பாரம் இறங்கினது போலிருந்தது. அவளுக்குத் தெரியாது, ஆகவே அவள் ஏறலாம். தான் மட்டும் ஏறாமல் அடிவாரத்தில் நின்றுவிட்டால் போதும். சாத்திரம் அதன்பாட்டில், அவள் சந்தோசம் அதன்பாட்டில். இப்படி ஒரு வழி கிடைத்ததற்காக அந்த மனிதர் தெருவில் நின்றபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார் என்றால், அவர் எவ்வளவு களைத்துப்போயிருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று தொடக்கம் திட்டம் போடுவதில் அவரும் இறங்கினார். பின்னேரங்களில் முற்றத்தில் இருந்து வெங்காயம் கட்டிக்கொண்டே இருவரும் மலை ஏறினார்கள். நீண்ட நடையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அது கூட்டத்தோடு போவது, தரையில் போவது. அந்த ஒரு நாள்தான் அவளுக்குப் பெரிய நாள். விடிய எழும்புவதிலிருந்து பொழுதுபடத் திரும்புவதுவரை ஒவ்வொன்றையும் அவள் கேட்டாள்.

"கருக்கலிலை மாணிக்க கங்கையிலை முழுகவேணும். ஈரத் துணியோடை நடக்கலாம், வெயில் ஏற ஏறக் காய்ஞ்சிடும்," என்றார்.

"சாப்பாடு?"

"வயிறு முட்டத் திண்டால் ஏறேலாது. புழுக்கொடியலும் பனங்கட்டியும் மடியிலை கட்டிக்கொள். இறங்கி வந்து கஞ்சி குடிப்பம்."

"வழி எப்பிடி?"

"முதல் லேசு. பிறகு கல்லும் வேருமாய்க் கிடக்கும். வேரைப் பிடிச்சு ஏறலாம். நடுவிலை ஒரு இடம் செங்குத்து, அதிலை ஆம்பிளையளும் அரோகரா சொல்லுவினம். மேலை போனால் காத்து. வேல் நட்டிருக்கும். சுத்திவரக் காடு, பச்சைக் கடல் மாதிரி."

சொல்லச் சொல்ல அவருக்கே ஆசை பிறந்தது. இளவட்டமாய் அந்த உச்சியில் நின்றபோது அடித்த காற்று மறுபடி முகத்தில் பட்டதுபோலிருந்தது. இடையிடையே மகன் செத்ததுகூட மறந்துபோய், போகிற வழியில் அவனுக்கும் ஒரு நூல் கட்டி வர வேண்டும் என்று நினைத்துவிட்டு, திடுக்கிட்டு வாயை மூடிக்கொள்வார்.

கற்பூரம் கிடைப்பது அந்த நாளில் பெரும்பாடு. குணலட்சுமி எங்கேயோ நல்லூர்ப் பக்கம் அலைந்து இரண்டு கட்டி வாங்கிவந்து, கரைந்துபோகாமல் மிளகு போட்டுக் கடதாசியில் சுற்றிவைத்தாள். பழைய சேலையைக் கிழித்துக் காலுக்குக் கட்டத் துணி எடுத்துவைத்தாள். அவளுடைய சிறுபிள்ளைக் குதூகலத்தைப் பார்க்க அவருக்குச் சிலவேளை சந்தேகம்கூட வரும். இவள் சும்மா இருக்கும்போது தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று தோன்றும். திரும்பினால் அவள் வெங்காயம் கட்டிக்கொண்டிருப்பாள்.

பங்குனி பிறந்து, வெயில் ஏறிய ஒரு பின்னேரம். அவள் கேட்டாள்:

"நடுவிலை களைச்சால் எங்கை இருந்து இளைப்பாறலாம்?"

"இருக்கக்கூடாது," என்றார் அருளம்பலம்.

"அந்தச் செங்குத்துக்கு முதல் ஒரு மரத்தடியிலை கொஞ்ச நேரம் …"

"இருக்கக்கூடாதெண்டு சொன்னனெல்லே. மலையிலை இருந்தால் பிறகு எழும்பேலாது. நிண்டு மூச்சு வாங்கு. மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நில். ஆர் சொன்னாலும் இருந்திடாதை."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் அவளை அதட்டி வருடக்கணக்காகிறது. கையிலிருந்த பிடி அவிழ்ந்து வெங்காயம் மண்ணில் உருண்டது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"சரி, நான் இருக்கேல்லை," என்றாள் மெதுவாக. "தண்ணிக் குடத்தோடை ஏறினால் எனக்குக் கஷ்டம். நீங்கள் குடத்தைக் கொண்டுவாங்கோ. நான் கற்பூரத்தையும் தேங்காயையும் கொண்டுவாறன்."

இந்த இடம் ஒருநாள் வரும் என்று அவருக்குத் தெரியும். பதிலும் ஆயத்தமாக இருந்தது.

"நான் ஏறேல்லை குணம். நீ பராசக்தியைக் கூட்டிக்கொண்டு ஏறு. நான் அடிவாரத்திலை நிக்கிறன்."

"ஏன்?"

"முழங்கால் ஏலாது."

அவள் தோட்டப் பக்கம் பார்த்தாள். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் மெசின் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. பக்கத்தில் கிணற்றுத் துலாமரம். அன்று காலையும் பராசக்தியின் புருசன் கனகசபாபதி கீழே நின்று பட்டையைப் பிடிக்க, அருளம்பலம் துலாவின் மேலே ஏறி, தண்ணீர் இறைத்து முடியும்வரை முன்னும் பின்னுமாக மிதித்தார். அந்த முழங்காலால்தான். அவர் அதை நினைக்கவில்லை. பொய்க்குக் காரணம் தேடியவர், உடம்பிலே உள்ளதற்குள் உறுதியான உறுப்பைத் தேடிப்பிடித்து ஏலாது என்றிருந்தார்.

குணலட்சுமி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் துடக்கோ?" என்று கேட்டாள்.

அவர் அவிழ்ந்த பிடியை எடுத்து மறுபடி கட்டப் பார்த்தார்.

"கொடிகாமத்தாலை வந்த அண்டைக்கு, மழையிலை நனைஞ்சுகொண்டு வந்த மனிசன் கிணத்தடியிலை முழுகினியள். நான் குசினிக்குள்ளை நிண்டு பாத்தனான். பிறகு கோயிலில்லை, விளக்கீடில்லை, பொங்கலில்லை. எனக்கு விளங்காமலில்லை. விளங்க விருப்பமில்லை. என்ரை மனிசன் சாமிக்குப் பயந்த ஆள், துடக்கிருந்தால் மலை ஏறமாட்டார், என்னையும் ஏறவிடமாட்டார் எண்டு நினைச்சுத்தான் மலைக் கதையை எடுத்தனான். நீங்கள் மறிப்பியள், அல்லது சொல்லுவியள் எண்டு பாத்தன். நீங்கள் எனக்கு வழி சொல்லித் தந்தியள். வேரைப் பிடி எண்டியள், பனங்கட்டி கட்டு எண்டியள். ஒவ்வொருக்கா நீங்கள் சொல்லேக்கையும் என்ரை பிள்ளை இருக்கிறான், இருக்கிறான் எண்டு நினைச்சன்."

அருளம்பலம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்தே சொன்னார். மலை, பனி, மரத்தடி, அடக்கம், எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். சொல்லி முடிந்ததும், "என்ன திதி?" என்றாள்.

"ஐப்பசி, தேய்பிறைத் தசமி."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ தாங்கமாட்டாய் எண்டு பயந்தனான்."

"நீங்கள் தாங்கினியள்தானே."

அவர் கைகளை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தார். அந்த முகத்தில் கோபமில்லை. வழி தெரியாத இடத்தில் தனியே விடப்பட்டவளைப்போல் அவள் இருந்தாள்.

"தோட்டத்துக்குள்ளை போய்த் தனிய அழுதிருப்பியள். இவ்வளவு மாசமும் அழுதழுது கொஞ்சம் ஆறியிருப்பியள். உங்கடை பிள்ளை ஐப்பசியிலை செத்தவன். என்ரை பிள்ளை இண்டைக்குத்தானே செத்தவன். நான் இப்ப ஆரோடை இருந்து அழுறது?"

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் செய்ததெல்லாம், பெற்றவர்கள் இருவரும் ஒன்றாக அழவேண்டிய அழுகையைத் தான் ஒருவராகவே அழுது தீர்த்ததாக முடிந்திருந்தது. அது திருட்டு என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. அவளைத் தொடக் கையை நீட்டினார். அவள் விலகவுமில்லை, சாயவுமில்லை.

பிறகு அவள் குரல் எடுத்தாள். "என்ரை ராசா" என்று தொடங்கிய அந்தக் குரல் வேலிகளைத் தாண்டிப் போயிற்று. பராசக்தி வேலியில் விட்டிருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து, சேலை கிழிந்ததும் தெரியாமல் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு விளக்கம் தேவையில்லை. வட்டமாக இருந்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, அவளை நடுவில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். அருளம்பலம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழும்பினார். அந்த வட்டத்துக்குள் ஆம்பிளைக்கு இடமில்லை.

அவர் படலையடிக்குப் போய் நின்றார். ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டுக்கு வருகிற முறையில் வந்து நின்றார்கள். காலையில் அவரோடு தண்ணீர் இறைத்த கனகசபாபதி கிட்ட வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"பெடியனோ அண்ணை?"

"ஓம்."

"எப்ப?"

அருளம்பலம் திரும்பி முற்றத்தைப் பார்த்தார். பெண்களுக்கு நடுவில் அவள் தலை மட்டும் தெரிந்தது.

"இண்டைக்கு," என்றார்.